எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பால் கிடையாது

அந்தக் கோடையை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை. எண்பதுகளின் கடைசி. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்து, அதில் அக்காவின் வீடு. எனக்கு முதல் குழந்தை, பெண். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டதால் பிரசவத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அக்காதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது, கையில வெயிட்டே தெரியலையே" என்பார். அப்புறம் பஸ் ஏறிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போக இத்தனை தூரம் வர வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவர் சொன்னது உண்மைதான். பிறக்கும்போது இரண்டே முக்கால் கிலோ இருந்த குழந்தை, மூன்று வாரம் கழித்து நர்சிங் ஹோமில் காட்டியபோது அதற்கும் கீழே இருந்தது. டாக்டரம்மா நல்லவர், ஆனால் வெளியே வராண்டா கொள்ளாத கூட்டம். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் குடுக்கறீங்க இல்ல? இன்னும் மூணு வாரம் பார்ப்போம். வெயிட் ஏறலைன்னா டின் பால் ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அக்கா பொரிந்து தள்ளினாள். அவளுடைய கோபம் டின் பாலைப் பற்றி இல்லை. பச்சைக் குழந்தையை நாலு பேர் பார்க்கத் தராசில் வைத்தார்களே என்பதுதான். வீட்டுக்கு வந்ததும் மிளகாய், உப்பு, தெருமண் எல்லாம் சேர்த்துச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை, அத்தனை கண்ணு என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

டின் பால் விஷயத்தில் அக்காவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் டின்னில் வளர்ந்தவர்கள்தான். "அம்மாவுக்கும் பால் இல்ல, உன்னையே மாட்டுப் பால்ல தண்ணி கலந்துதான் வளர்த்தாங்க. எனக்கும் இல்ல. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பால் கிடையாதுடி, அது ஒரு வாகு" என்பாள். சுருட்டை முடி, குட்டை விரல் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பிடிவாதம் ஏறும். டின் பால் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. அந்தச் சந்துக்கு வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர்தான். நாலு வீடு தள்ளி இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. அந்தத் தண்ணீரில் புட்டி கழுவிப் பால் கரைக்க எனக்குப் பயம். ஆனால் உள்ளதைச் சொன்னால், பாதிக்கு மேல் வீம்பு. ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டவளுக்கு அதற்கு ஊட்ட வக்கில்லை என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்கிற வீம்பு.

வக்கில்லை என்று அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தப் பாவத்தை அவள் மேல் போட மாட்டேன். வாகு அது இது என்று வாயால் சொன்னாளே தவிர, பால் ஊற வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் ஆறு மணிக்கே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வருவாள். அதை வேக வைத்து உதிர்த்து, உரித்த பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு. மத்தியானம் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சாயங்காலம் பாலில் வேக வைத்த பூண்டு. என் வேர்வை பூண்டு, என் தலையணை பூண்டு, நான் பெற்ற பிள்ளையின் உச்சந்தலையிலும் பூண்டு வாடை. இத்தனையும் தின்றுவிட்டு நாக்கு ஒட்டிக்கொண்டு கிடப்பேன். ஏனென்றால் தண்ணீர் மட்டும் கிடையாது.

பிரசவம் ஆனவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பது அக்கா வீட்டுச் சட்டம். அவள் புகுந்த வீட்டில் அவளுக்கு நடந்ததை அப்படியே எனக்கும் நடத்தினாள். சாப்பாட்டுக்கு அப்புறம் அரை டம்ளர் வெந்நீர். அதுவும் அவளே அளந்து ஊற்றுவாள். வெளியே அக்கினி நட்சத்திரம். மேலே விமானப்படைப் பயிற்சி விமானங்கள் காலையிலிருந்து வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அப்போதுதான் கண் அசந்த குழந்தை அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு விழிக்கும். கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். குளிக்கிற அறைக்குப் போகும்போது வாளியில் இருக்கிற தண்ணீரைப் பார்ப்பேன். ஒரு நாள் கையில் அள்ளிக் குடித்தும் விட்டேன். பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பெண், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளித் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் குடித்தேன். வெளியே வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று அழுகைதான் வந்தது.

எனக்கு இல்லாத தண்ணீர் குழந்தைக்கு உண்டு. அதுதான் கூத்து. வெயில் காலம், பிஞ்சு நாக்கு வறண்டுவிடும் என்று பத்தாம் நாளிலிருந்தே அக்கா காய்ச்சி ஆறிய வெந்நீரில் பனங்கற்கண்டு கரைத்துச் சங்கில் புகட்டினாள். சங்கு என்றால் மூக்கு நீண்ட சின்ன வெள்ளிக் கிண்ணம். காலையில் குளிக்க வைத்ததும் இரண்டு சங்கு, வெயில் ஏறியதும் இரண்டு, அழுதால் ஒன்று, விக்கினால் ஒன்று. குழந்தையும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். அந்த நேரம்தான் எனக்கும் கொஞ்சம் படுக்கக் கிடைக்கும். அதனால் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போனால் சங்கைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வருவதைப் பார்த்தாலே எனக்கு உயிர் வரும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் எடுத்து மடியில் போட்டால், இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மார்பிலேயே தூங்கிப்போகும். காதைத் தடவுவேன், உள்ளங்காலைச் சுண்டுவேன், ஈரத் துணியால் முகத்தைத் துடைப்பேன். ம்ஹூம். தொட்டிலில் போட்டால் அடுத்த நிமிஷம் வீல். "பார்த்தியா, வந்தாத்தானே குடிக்கும்" என்பாள் அக்கா. ஆனால் கொடியில் தொங்குகிற துணிகளை எண்ணிப் பார்த்து அவளே தைரியமும் சொல்வாள். "ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு துணி நனைக்கறா. பால் ஏதோ போகாமயா இது? பயப்படாத." நானும் கொடியைப் பார்ப்பேன். நிறைய நனைந்த துணி, ஆனால் சூம்பிப்போன தொடை. இரண்டும் எப்படி ஒரே குழந்தையிடம் இருக்க முடியும் என்று யோசிக்க மூளையில் இடமில்லை. தூக்கமில்லாதவளுக்குக் கணக்கு வராது.

ஆறாவது வாரம் முத்தடுப்பு ஊசி. ஊசி போட்ட கையோடு டாக்டரம்மாவிடம் போய் டின் பாலுக்கு எழுதி வாங்கிவிடுவது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. தொண்ணூறு நாள் லீவில் பாதி கரைந்துவிட்டது. இனி பாரிமுனை ஆபீசுக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வர வேண்டும். வீம்பு பிடிக்கவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா?

ஊசி போடுகிற இடம், தடுப்பூசி நாட்களில் மட்டும் நர்ஸ் வந்து உட்காரும் ஒரு சின்னக் கட்டடம். நர்ஸ் என்னைவிடச் சின்னப் பெண். பக்கத்துக் கிராமத்துக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. உத்தரத்திலிருந்து ஒரு தராசு தொங்கியது, அதன் கொக்கியில் ஒரு துணித் தூளி. அக்கா தடுப்பதற்குள் நர்ஸ் குழந்தையைத் தூளியில் வைத்துவிட்டாள். முள் மூன்று கிலோவைத் தொடவில்லை.

"இன்னாமா இது, ஒன்ற மாசக் கொழந்த பூனக்குட்டி கணக்கா கீது? பால் குடுக்கறியா?"

"குடுக்கறேன். வரமாட்டேங்குது."

"வரலன்னா ஒன்னுக்கு எப்டி போவுது?"

அக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் நல்லாப் போவாம்மா. ஒரு நாளைக்குப் பன்னெண்டு துணி."

அந்தப் பெண் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "எடையில ஏறல, ஆனா பன்னெண்டு துணி. அப்ப நடுவுல இன்னா குடுக்கறீங்க? மறைக்காம சொல்லுங்க."

அக்கா பெருமையாகவே சொன்னாள். பனங்கற்கண்டு வெந்நீர், காலையிலும் மத்தியானமும், அழும்போதும் விக்கும்போதும். பாதியில் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்ய! அதோட வவுறே இத்துனூண்டு. அது ரொம்புற மாரி தண்ணிய ஊத்திட்டா அப்புறம் பால எங்க ஊத்திக்கும்? தூங்கத்தான் செய்யும். கொழந்த வாயால இஸ்தாதான்மா பால் ஊறும். இஸ்க்கலன்னா, வேணாம் போலனு ஒடம்பு நிறுத்திக்கும். தண்ணியே வேணாம், தாய்ப்பாலுலயே தண்ணி கீது."

"இந்த வெயில்லயா?" என்றாள் அக்கா.

"எந்த வெயில்லயும் வேணாம். தண்ணி இவங்களுக்குக் குடு. ஒதடு வெடிச்சிகீது பாரு."

என் உதட்டைப் பார்த்து அப்படி ஒருத்தி சொன்னதும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்தாள், பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பச்சைத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தேன். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெண் குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரித் திருப்பிப் பிடித்தாள். நுனியை மட்டும் கொடுக்கக் கூடாது, வாயை ஆவென்று திறக்கும்போது கறுப்பு வட்டமும் உள்ளே போகிற மாதிரி வைக்க வேண்டும் என்று காட்டினாள். டாக்டரம்மா டின் பால் சொன்னதையும் ஆபீஸ் லீவு முடியப்போவதையும் நான் சொன்னேன். மணி பார்க்காதே, கேட்டபோதெல்லாம் கொடு, ஒரு பக்கம் காலியான பிறகு மறு பக்கம். பத்து நாள் கழித்து இதே தராசுக்கு வா. அப்போதும் ஏறவில்லை என்றால் டாக்டரம்மா சொன்னதைச் செய்துகொள்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது? முதல் இரண்டு நாள் குழந்தை தண்ணீர் கேட்டு வீறிட்டது. நான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம், சில நேரம் முக்கால் மணி நேரத்திலேயே எடுத்து வைத்தேன். வைத்தால் அழும், எடுத்தாலும் அழும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். காலண்டரில் எந்தத் தேதி, காலையா சாயங்காலமா என்பதெல்லாம் போய்விட்டது. துணி எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து நாலாக விழுந்தது. அதைப் பார்த்து அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். "நாக்கு உள்ள இழுத்துக்கப் போவுதுடி. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆவல, அதுக்கு என்ன தெரியும்?"

மூன்றாம் நாள் மத்தியானம். நான் குளித்துவிட்டு வந்தேன். அறையில் தொட்டில் காலி. பின்கட்டில், துணி துவைக்கிற கல்லின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் சங்கு. குழந்தை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

சங்கைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். அப்புறம் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "உனக்குப் பால் இல்லன்னா உலகத்துல எவளுக்குமே இருக்கக் கூடாதா? என் புள்ளைக்காவது இருந்துட்டுப் போகட்டும்னு விடேன்!"

அக்கா குழந்தையை என் கையில் கொடுத்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். சுறாப்புட்டுக்காக ஆறு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகிறவள், என் பிரசவத் துணியெல்லாம் முகம் சுளிக்காமல் துவைத்தவள். அவளிடம் இதைச் சொன்னேன். சொன்ன மறு நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் ஒரு பக்கம், அசதி ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்பதைவிட அந்தப் பத்து நிமிஷம் தூங்கினால் போதும் என்று இருந்தது. மறுநாளிலிருந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. காலியாகக் காலியாக யாரோ நிரப்பி வைத்தார்கள். யாரோ என்ன யாரோ, அக்காதான். பேசத்தான் இல்லை.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மறு பக்கம் தானாகச் சொட்டி ரவிக்கை நனைந்தது. குழந்தையின் தொண்டையில் 'க்ளக்' 'க்ளக்' என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அதுவரை நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அன்றுதான் குழந்தை தானாக வாயை எடுத்தது, உதட்டோரத்தில் பால் வழிய என்னைப் பார்த்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

பத்தாம் நாள் அக்காவும் கூட வந்தாள். அவளே குழந்தையைத் தூளியில் வைத்தாள். முள் மூன்று கிலோவைத் தாண்டி முன்னூறு கிராமும் காட்டியது. நர்ஸ் பெண் சிரித்தாள். "பாத்தியா, இனிமே டின்னும் வேணாம் ஒன்னும் வேணாம். ஆபீசுக்குப் போறப்போ பீச்சி வச்சிட்டுப் போ." நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவுதான்.

அக்கா மட்டும் போகாமல் நின்றாள். "ஏம்மா, சில பேருக்குப் பாலே இருக்காது இல்ல? வாகு அப்படின்னு."

"எங்கயாவது ஒருத்தருக்கு இருக்கலாம்மா. நான் பாத்த வரைக்கும் எல்லாம் இந்தத் தண்ணி கேசுதான்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நான் குழந்தையைத் தோளில் போட்டிருந்தேன், அக்கா எங்கள் இருவருக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"எம் பெரியவனுக்கு எங்க மாமியார்தான்டி தண்ணி குடுப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு கணக்கே கிடையாது. எனக்கு ஒரு வாய் குடுக்க மாட்டாங்க. ஒரு மாசத்துல பால் நின்னு போச்சு. அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாங்க, எங்க மருமக வறண்ட மாடு, கறக்காதுன்னு. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். சின்னவன் பொறந்தப்ப ஒரு தடவகூட மார்ல வச்சுப் பாக்கலடி. இல்லாதத எதுக்குக் குடுத்துப் பாக்கணும்னு முதல் நாளே டின்ன உடைச்சிட்டேன்."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அவளும் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத்தான் பார்த்தாள்.

"எனக்கும் இருந்துச்சுடி" என்றாள்.